ஒரு வாய் காப்பி: தாதியர் பயிற்சிக்குக் கதை எழுதும் முறை

விழுங்கச் சிரமப்படும் பெரியவருக்குத் தண்ணீரோ தேநீரோ காப்பியோ, எதுவானாலும், விழுங்கும் திறனைச் சோதிக்கும் ஸ்பீச் தெரபிஸ்ட் சொன்ன அளவுக்குக் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். இதை வகுப்பில் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். தேர்வு வைத்தால் சரியாக எழுதியும் விடுவார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலை, மகள் சிங்கப்பூர்த் தேக்காவிலிருந்து பிளாஸ்கில் காப்பி வாங்கி வந்து, "அப்பா ரொம்ப ஆசைப்படுறார் தங்கச்சி, ஒரே ஒரு வாய்" என்று கேட்கும்போது அந்தப் பராமரிப்பு உதவியாளர் என்ன செய்வார்? நாம் காட்டிய ஸ்லைடு எதிலும் அதற்குப் பதில் இல்லை.

நான் சிங்கப்பூரில் தாதியாக இருந்து, இப்போது தாதிமை இல்லங்களில் பயிற்சி கொடுக்கிறேன். என் வகுப்பில் தமிழ்நாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் இருப்பார்கள். மியன்மார், பிலிப்பீன்ஸ்காரர்கள் இருப்பார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் இருப்பார்கள். சில வார இறுதிகளில் சமூக மன்றத்தில் குடும்பத்தாருக்குத் தமிழிலும் நடத்துகிறேன். "அடுத்த மாதம் வகுப்பு நீங்கள்தான் எடுக்கணும்" என்று திடீரென்று சொல்லப்பட்ட மூத்த தாதியரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கதை வைத்துச் சொல்லிக்கொடுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்படிப்பட்ட கதை என்பதைத்தான் யாரும் விளக்குவதில்லை.

என் பதில் இதுதான். பயிற்சிக் கதையில் விபத்து முக்கியமில்லை, இழுப்புதான் முக்கியம். நல்ல மனமும் போதிய அறிவும் உள்ள ஒருவரைத் தவறான பக்கம் இழுக்கும் ஒன்று அந்தக் கதையில் இருக்க வேண்டும். இரக்கம், அவசரம், பயம், மரியாதை, களைப்பு என்று அது எதுவாகவும் இருக்கலாம். இழுப்பு இல்லாத கதையை யார் கேட்டாலும் "நான் அப்படிச் செய்யவே மாட்டேன்" என்று நினைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள்.

முதலில் இழுப்பைக் கண்டுபிடியுங்கள்

பெரும்பாலான பயிற்சிக் கதைகள் இப்படித்தான் இருக்கின்றன: "ஒரு தாதி கை கழுவவில்லை. நோயாளிக்குத் தொற்று ஏற்பட்டது. தாதி செய்த தவறு என்ன?" இது கதையே இல்லை, கேள்வித்தாள். கை கழுவ வேண்டும் என்று தெரியாதவர் அந்த அறையில் ஒருவரும் இருக்க மாட்டார்.

கை சுத்தத்துக்கு உலகச் சுகாதார நிறுவனம் ஐந்து தருணங்களைச் சொல்கிறது. நோயாளியைத் தொடும் முன், சுத்தமாகச் செய்ய வேண்டிய சிகிச்சைக்கு முன், உடல் திரவம் பட வாய்ப்பிருந்த பின், நோயாளியைத் தொட்ட பின், நோயாளியைச் சுற்றியுள்ள பொருளைத் தொட்ட பின். முதல் நான்கையும் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. வழுக்குவது ஐந்தாவதில்தான். "மிஸ்ஸி, என் போன் கீழே விழுந்துடுச்சு" என்கிறார் பாட்டி. நீங்கள் குனிந்து எடுத்து மேசைமேல் வைக்கிறீர்கள். பாட்டியைத் தொடவே இல்லை. அடுத்த கட்டிலில் மணி அடிக்கிறது. "நான்தான் யாரையும் தொடலையே" என்று மனம் சொல்லும் அந்த இடத்தில் கதையை வையுங்கள். கிருமிநாசினி தேய்க்க 20 முதல் 30 நொடி வேண்டும், மணியோ அடித்துக்கொண்டே இருக்கிறது.

இழுப்பை நீங்கள் கற்பனை செய்ய வேண்டாம், வேலை செய்பவர்களிடமே கேளுங்கள். "யார் தப்பு செய்கிறார்கள்?" என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். "இந்த விதியை எந்த நேரத்தில் கடைப்பிடிப்பது ரொம்பக் கஷ்டம்?" என்று கேட்டுப் பாருங்கள். இரவு இரண்டு மணி, பார்வையாளர் நேரம், ஆள் குறைவான பொது விடுமுறை என்று ஒவ்வொன்றாக வரும். தீபாவளி அன்று பலகாரத்தோடு வரும் குடும்பத்தைப் பற்றி என்னிடம் சொன்னவர் வகுப்பில் அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர்.

ஒரு கதையை முழுசாகக் கட்டிப் பார்ப்போம்

காப்பிக் கதையையே எடுத்துக்கொள்கிறேன். நான் வகுப்பில் படித்துக் காட்டும் வடிவம் இது. பெயரும் ஆளும் கற்பனை.

"ராமையா தாத்தாவுக்கு வயது 81. செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். போன வருஷம் பக்கவாதம் வந்தது. தலைமாட்டில் இளஞ்சிவப்பு அட்டை: திரவங்கள் கெட்டியாக, நிலை 2. ஞாயிறு மாலை நாலு மணி. உங்களோடு வேலை செய்பவர் ஒரு பாட்டியைக் கழிவறைக்குக் கூட்டிப் போயிருக்கிறார். ஸ்டாஃப் நர்ஸ் மருந்து வண்டியோடு அந்தக் கோடியில் நிற்கிறார். தாத்தா ரெண்டு மூணு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. மகள் பிளாஸ்க் மூடியைத் திறக்கிறார். காப்பி வாசம் வந்ததும் தாத்தா கண் திறந்து உங்களைப் பார்க்கிறார். மகள் சொல்கிறார்: ‘ஒரே ஒரு வாய் தங்கச்சி. நேத்து ராத்திரி இருந்த பொண்ணு கொடுத்தாங்களே, ஒண்ணும் ஆகலை. இருமக்கூட இல்லை.’"

இவ்வளவுதான். படிக்க ஒரு நிமிடம் பிடிக்கும். ஆனால் ஒவ்வொரு வரியும் ஒரு பக்கம் இழுக்கிறது. கேட்க ஆள் பக்கத்தில் இல்லை. தாத்தா சாப்பிடவில்லை என்பதால் ஏதாவது உள்ளே போனால் நல்லது என்று தோன்றும். மகளை முகம் வாட விடக்கூடாது. நேற்று வேறொருவர் கொடுத்திருக்கிறார், நான் மறுத்தால் நான்தான் கல்நெஞ்சக்காரி. இருமவில்லை என்ற கடைசி வரிதான் எல்லாவற்றையும்விட ஆபத்தானது. திரவம் மூச்சுக்குழாய்க்குள் போனாலும் சிலருக்கு இருமலே வராது. சத்தமில்லாமல் நுரையீரலுக்குப் போய்விடும். இதை ஸ்லைடில் ஒரு வரியாகப் படித்தவர்கள் மறந்துவிடுவார்கள். மகள் வாயால் "இருமக்கூட இல்லை" என்று கேட்டவர்கள் மறப்பதில்லை.

இந்தக் கதை இன்னொரு வேலையும் செய்கிறது. ஞாயிறு கொடுத்த காப்பிக்கும் செவ்வாய் இரவு வரும் காய்ச்சலுக்கும் நடுவில் ஷிஃப்ட் பலமுறை மாறியிருக்கும். கொடுத்தவர் லீவில் இருப்பார். காய்ச்சலைப் பார்ப்பவருக்குக் காப்பி பற்றித் தெரியாது. அதனால்தான் அனுபவம் இருந்தும் யாரும் இதை அனுபவத்திலிருந்து கற்றுக்கொள்ள முடிவதில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் பக்கத்தில் வைக்கக் கதையால்தான் முடியும். எனவே காட்சி முடிந்து பேசும்போது, "இப்போ செவ்வாய் ராத்திரி" என்று ஒரு நிமிடம் தாவிக் காட்டுங்கள். தாத்தா சாப்பாட்டைத் தள்ளுகிறார், மூச்சு வேகமாக இருக்கிறது, கொஞ்சம் குழப்பமாகப் பேசுகிறார். வயதானவர்களுக்கு நிமோனியா வரும்போது காய்ச்சலுக்கு முன்பே இந்த மாற்றங்கள் தெரியலாம்.

எங்கே நிறுத்துவது

மகள் பேசி முடித்ததும் நிறுத்திவிடுங்கள். என்ன நடந்தது என்று சொல்லாதீர்கள். இது மிகவும் கடினம், ஏனென்றால் கதை சொல்லுபவருக்கு முடிவைச் சொல்லத்தான் ஆசை. முடிவு தெரிந்துவிட்டால் கேட்பவர்கள் தீர்ப்பு சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். முடிவு தெரியாதபோதுதான் யோசிப்பார்கள்.

"என்ன செய்வீர்கள்?" என்றும் கேட்காதீர்கள். "விளக்கிச் சொல்வேன்" என்று பதில் வரும். அது பதில் மாதிரி இருக்கும், ஆனால் வார்டில் உதவாது. "மகள் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அடுத்து உங்கள் வாயிலிருந்து வரும் வாக்கியத்தை அப்படியே சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அப்போதுதான் தெரியும், எவ்வளவு பேருக்கு அந்த வாக்கியம் கையில் இல்லை என்று.

நல்ல வாக்கியம் எப்படி இருக்கும்? ஒருமுறை ஒரு பெண் சொன்னதை அதற்கப்புறம் எல்லா வகுப்பிலும் சொல்லிக்கொடுக்கிறேன். "அக்கா, இந்தக் காப்பியையே அப்பாவுக்குக் கொடுக்கலாம். ரெண்டு நிமிஷம் கொடுங்க, கெட்டியாக்கி எடுத்துட்டு வரேன். நீங்களே ஊட்டுங்க." இதில் மறுப்பு என்பதே இல்லை. காப்பி போகிறது, மகள் கையாலேயே போகிறது, பாதுகாப்பாகப் போகிறது.

இங்கே பாடப் பொருளை நுழைத்துவிடலாம், அந்த நேரத்தில் அவர்களே கேட்பார்கள். நிலை 2 என்றால் எவ்வளவு கெட்டி? 10 மில்லி சிரிஞ்சின் நுனியை விரலால் அடைத்து நிரப்பி, விரலை எடுத்து, 10 நொடி விட்டுப் பார்த்தால் 4 முதல் 8 மில்லி மிச்சம் இருக்க வேண்டும். வகுப்பில் காப்பியையும் திக்கனர் என்ற கெட்டியாக்கும் பவுடரையும் சிரிஞ்சையும் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். மாவுச்சத்து வகைத் திக்கனரில் எச்சில் கலந்தால் அது நீர்த்துவிடும், அதனால் ஊட்டிய கரண்டியைக் கோப்பையில் போட்டு வைக்கக் கூடாது. ஐஸ் கச்சாங் என்ற சீவிய ஐஸ் இனிப்பு, ஐஸ்கிரீம், ஜெல்லி எல்லாம் பார்வைக்குக் கெட்டி, வாயில் போனதும் தண்ணீர். நிமிர்ந்து உட்கார வைத்து ஊட்ட வேண்டும், ஊட்டி முடித்த உடனே படுக்க வைக்கக் கூடாது. இவை ஒவ்வொன்றும் தனியாகச் சொன்னால் பட்டியல். காப்பி ஆறிக்கொண்டிருக்கும்போது சொன்னால் தேவை.

கதையில் இன்னொரு முடிச்சு இருக்கிறது, பெரும்பாலும் யாரும் பிடிக்க மாட்டார்கள். "நேத்து ராத்திரி இருந்த பொண்ணு கொடுத்தாங்களே" என்றாரே, அதை ஸ்டாஃப் நர்ஸிடம் சொல்வீர்களா? சக ஊழியரைக் காட்டிக்கொடுப்பது போல இருக்கும். ஆனால் சொல்லாவிட்டால் தாத்தாவின் நெஞ்சை யாரும் கேட்டுப் பார்க்க மாட்டார்கள். என் வகுப்புகளில் அதிகநேரம் பேச்சு நடப்பது இந்தப் புள்ளியில்தான். அதற்கு நேரம் விடுங்கள், அவசரப்பட்டு முடிக்காதீர்கள்.

எவ்வளவு விவரம் போடலாம்

தீர்மானத்தை மாற்றக்கூடிய விவரத்தை மட்டும் வையுங்கள். அதோடு இன்னும் ஒரே ஒரு விவரம், ஆளை ஆளாக்குவதற்காக. ராமையா தாத்தா கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார் என்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. அந்த ஒரு வரி இருப்பதால்தான் அவர் "நிலை 2 நோயாளி" என்ற பெயரோடு நின்றுவிடாமல் ஒரு மனிதராக நினைவில் தங்குகிறார். மூன்று நான்கு வரி குடும்ப வரலாறு எழுதினால் காப்பி வருவதற்குள் கேட்பவர் கவனம் போய்விடும்.

எல்லாக் கதையிலும் நோயாளியைச் சாகடிக்காதீர்கள். சாவு வந்தால் கேட்பவர் மனதில் பயம் தங்கும், என்ன செய்வது என்பது தங்காது. அப்புறம், அந்த அறையில் யாருடைய அப்பாவோ போன மாதம் அப்படியே இறந்திருக்கலாம். கனமான கதை என்றால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், வெளியே போக நினைப்பவர் காரணம் சொல்லாமல் போகலாம் என்றும் சொல்லுங்கள்.

யார் நடிப்பது

1963ல் அமெரிக்காவின் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர், நோயாளியாக நடிக்க ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து மாணவர்களைச் சோதித்தார். இன்று மருத்துவக் கல்லூரிகளில் சாதாரணமாக இருக்கும் முறை அங்கேதான் தொடங்கியது. நமக்குத் தொழில்முறை நடிகர் தேவையில்லை. ஆனால் ஒரு விதியைக் கறாராக வைத்திருக்கிறேன்: கஷ்டமான பாத்திரம் பயிற்சியாளருக்கு, நல்ல பாத்திரம் பயிற்சிக்கு வந்தவருக்கு. வற்புறுத்தும் மகளாக நான் நடிப்பேன். "தப்பு செய்யும் தாதியாக நீ நடி" என்று யாரையும் கேட்க மாட்டேன். சபை நடுவே தப்பு செய்து காட்டியவர் கூச்சத்தை மட்டும்தான் வீட்டுக்கு எடுத்துப் போவார்.

மகளாக நடிக்கும்போது கத்தாதீர்கள். கோபப்படும் உறவினரைச் சமாளிக்க எல்லோருக்கும் ஏற்கெனவே பயிற்சி உண்டு. சிரித்துக்கொண்டே, நன்றி சொல்லிக்கொண்டே, கையைப் பிடித்துக்கொண்டு கேட்கும் மகளிடம்தான் எல்லோரும் தோற்கிறார்கள்.

மொழியைப் பற்றி ஒன்று. மியன்மாரிலிருந்து வந்த உதவியாளரிடம் தமிழ் மகள் பேசுவாள், சீனப் பாட்டியிடம் தமிழ்ப் பிள்ளை பேச வேண்டியிருக்கும். சிங்கப்பூர் வார்டு அப்படித்தான். அதனால் காட்சியை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தாதீர்கள். "கொஞ்சம் பொறுங்கக்கா, கெட்டியாக்கித் தரேன்" என்பதை எல்லோரும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லட்டும். அதே வாக்கியத்தை ஹொக்கியனிலும் மலாயிலும் சொல்லத் தெரிந்தவர் வகுப்பிலேயே இருப்பார். அவரை எழுந்து சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள், வகுப்பின் முகமே மாறிவிடும்.

காட்சிக்கு அப்புறம்

காட்சி ஐந்து நிமிடம் என்றால் பேச்சுக்கு அதைவிட அதிகம் ஒதுக்குங்கள். கற்றல் நடப்பது அங்கேதான். நேரம் போதவில்லை என்று பேச்சை வெட்டுவதைவிட, காட்சியை வெட்டிவிடுவது மேல்.

"ஏன் அப்படிச் செய்தாய்?" என்ற கேள்வியை நான் கேட்பதில்லை. அதைக் கேட்டதும் ஆள் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்ப்பார். "அந்த நேரத்தில் மனசுக்குள்ள என்ன ஓடிச்சு?" என்று கேட்டால் இழுப்பு வெளியே வரும். அதைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். மூத்தவர் முன்னால் பேசத் தயங்கும் பழக்கம் நம்மவர்களிடமும் உண்டு, மற்றவர்களிடமும் உண்டு. முதலில் பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் பேச விடுங்கள், பிறகு பொதுவில் கேளுங்கள். மேலாளர் அறைக்குள் உட்கார்ந்திருந்தால் தயவுசெய்து பிறகு வரச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் மாற்றி மறுபடி நடத்துங்கள்

ஒரு காட்சி முடிந்ததும் புதுக் கதைக்கு ஓடாதீர்கள். அதே கதையில் ஒரே ஒரு விவரத்தை மாற்றுங்கள். இதற்குச் சர்க்கரை குறைவதைப் பற்றிய கதை நன்றாக உதவும்.

ஒரு பாட்டிக்குக் காலையில் இன்சுலின் போட்டாயிற்று. மருத்துவமனை அப்பாயின்ட்மென்டுக்கு வண்டி சீக்கிரமே வந்துவிட்டதால் பசியாறாமலே கிளப்பிக்கொண்டிருக்கிறீர்கள். எப்போதும் சாந்தமான பாட்டி இன்று எரிந்து விழுகிறார், சட்டை ஈரமாக இருக்கிறது. "இன்னைக்கு மூடு சரியில்லை" என்று தோன்றுவதுதான் இழுப்பு, வண்டிக்காரர் காத்திருப்பது இன்னொரு இழுப்பு. யாராவது "சர்க்கரை பார்க்கணும்" என்று சொன்ன பிறகுதான் எண்ணைச் சொல்லுங்கள்: 3.2. லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே போனால் குறைவு. 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை, அளவு ஏறியதும் சாப்பாடு. சாக்லேட் கொடுக்கலாம் என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். அதில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும் என்பதை அப்போது சொல்லலாம்.

இரண்டாம் சுற்று: எல்லாம் அதேதான், ஆனால் பாட்டி அரை மயக்கத்தில் இருக்கிறார். இப்போது வாயில் எதையும் கொடுக்கக் கூடாது, உடனே ஸ்டாஃப் நர்ஸைக் கூப்பிட வேண்டும், இல்லத்தின் அவசர நடைமுறை தொடங்க வேண்டும். மூன்றாம் சுற்று: மயக்கம் இல்லை, ஆனால் பாட்டியின் தலைமாட்டில் இளஞ்சிவப்பு அட்டை. குளுக்கோஸ் தண்ணீரை அப்படியே கொடுப்பதா? இந்தக் கேள்வியில் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். உங்கள் இல்லத்தில் இதற்கு என்ன ஏற்பாடு, குளுக்கோஸ் ஜெல் எங்கே இருக்கிறது, ஜெல் கொடுக்கலாமா என்பதையெல்லாம் வகுப்புக்கு முன்னாலேயே ஸ்பீச் தெரபிஸ்டிடமும் மருத்துவரிடமும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கதை எழுப்பும் கேள்விக்கு நிலையத்திடம் பதில் இல்லை என்றால், வகுப்பைவிட முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

குடும்பத்தாருக்கு நடத்தும்போது

சமூக மன்றத்தில் வந்து உட்காருபவர்கள் மருமகள், ஓய்வு பெற்ற கணவர், சில சமயம் பணிப்பெண். இவர்களுக்குப் பக்கவாதத்தைப் பற்றிச் சொல்லும்போது முகம், கை, பேச்சு, நேரம் என்ற நான்கை எல்லோரும் ஒப்பிப்பார்கள். நான் சொல்லும் கதையில் நோயாளியே இழுப்பு.

இரவு ஒன்பதரை. மாமியார் சொல்கிறார்: "கை மரத்துப்போச்சும்மா. தைலம் தேய்ச்சுப் படுத்தா காலையில சரியாயிடும். தம்பி நைட் ஷிஃப்ட்ல இருக்கான், போன் பண்ணித் தொந்தரவு பண்ணாதே." பேச்சு லேசாகக் குழறுகிறது. மருமகளாகிய நீங்கள் மாமியார் சொல்லைத் தட்டி ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழைக்க வேண்டும். வண்டி வந்தால் அடுக்குமாடி புளோக்கே எட்டிப் பார்க்கும். ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால் ஆம்புலன்ஸுக்குக் காசு கட்டச் சொல்வார்களோ என்ற பயம் வேறு. இதையெல்லாம் கதையில் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். பக்கவாத அறிகுறி அவசரம்தான், தயங்காமல் அழைக்கலாம் என்று அழுத்திச் சொல்லுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள்தான் பொதுவாகக் கொடுக்க முடியும். அதனால் "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" என்பதுதான் மருத்துவமனை முதலில் கேட்கும் கேள்வி. விடியட்டும் என்று படுத்துவிட்டால் அதற்குப் பதிலே இருக்காது.

இந்தக் காட்சியை நடத்தும்போது கவனியுங்கள், யாராவது ஒருவர் "முதல்ல கொஞ்சம் தண்ணி குடிங்கம்மா" என்று கோப்பையை நீட்டுவார். நம் வீட்டில் யாருக்கு என்ன ஆனாலும் முதலில் நீட்டுவது தண்ணீர்தான். பக்கவாதம் என்று சந்தேகம் வந்தால், விழுங்க முடிகிறதா என்று மருத்துவமனையில் சோதிக்கும்வரை வாயில் எதுவும் கூடாது. இதைச் சொல்லித் தெரிந்துகொள்வதைவிட, கோப்பையை நீட்டிய கையை நிறுத்தித் தெரிந்துகொள்வது நெடுநாள் நிற்கும்.

உண்மைக் கதைகள்

2003ல் சார்ஸ் என்ற கடுமையான சுவாசத் தொற்று வந்தபோது சிங்கப்பூரில் 238 பேருக்குத் தொற்று ஏற்பட்டது, 33 பேர் இறந்தார்கள். டான் டோக் செங் மருத்துவமனை சார்ஸுக்கென்றே ஒதுக்கப்பட்டது. அந்த நாட்களில் வார்டில் நின்றவர்கள் இன்றும் வேலையில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் உங்கள் வகுப்பில் இருந்தால் அவரைப் பேச வைப்பது பாக்கியம். ஆனால் "அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று பொதுவாகக் கேட்டால் மரியாதையோடு கேட்டுவிட்டுக் கலைந்துவிடுவார்கள். "பாதுகாப்பு உடையைக் கழற்றும்போது எந்த நிமிடத்தில் அவசரம் வரும்?" என்று கேளுங்கள். வியர்வை, அரிப்பு, கழிவறை அவசரம், ஷிஃப்ட் முடிந்த களைப்பு. கழற்றும்போதுதான் கையிலும் முகத்திலும் கிருமி ஒட்ட அதிக வாய்ப்பு. அவர் சொல்லும் அந்த ஒரு நிமிடத்தை எடுத்து அடுத்த வகுப்பில் காட்சியாக்குங்கள்.

உங்கள் வார்டில் நடந்த சம்பவத்தைக் கதையாக்குவதில் மிகவும் ஜாக்கிரதையாக இருங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012லிருந்து இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், இது சின்ன ஊர். ஈசூனில் நடந்ததைத் தோ பாயோவில் சொன்னால் கேட்பவரின் அத்தை மகள் அதே வார்டில் இருப்பார். பெயரை மட்டும் மாற்றினால் போதாது. வயது, ஆணா பெண்ணா, வேலை, எந்த நாள் என்று எல்லாவற்றையும் மாற்றி, இரண்டு மூன்று சம்பவங்களைக் கலந்துவிடுங்கள். இழுப்பு மட்டும் உண்மையாக இருந்தால் போதும். அந்தச் சம்பவத்தில் சம்பந்தப்பட்ட ஊழியர் அதே அறையில் இருக்க வாய்ப்பிருந்தால் அந்தக் கதையை எடுக்கவே வேண்டாம்.

திரும்பத் திரும்ப வர வேண்டும்

எர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1885லேயே தன் நினைவைத் தானே சோதித்து எழுதி வைத்தார்: கற்றது முதல் சில மணி நேரங்களிலும் நாட்களிலும்தான் வேகமாக மறக்கிறது. ஒரே நாளில் எட்டு மணி நேரம் வகுப்பு நடத்திவிட்டு அடுத்த வருஷம் வரை காத்திருப்பது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. நான் செய்வது இதுதான்: வகுப்பில் வந்த ஆட்களை விடாமல் பிடித்துக்கொள்கிறேன். ராமையா தாத்தாவும் அந்தப் பாட்டியும் ஒரு தொலைக்காட்சித் தொடரின் பாத்திரங்கள் மாதிரி மாதக்கணக்கில் வந்துகொண்டே இருப்பார்கள். ஒரு வாரம் கழித்து, ஷிஃப்ட் மாறும்போது பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்டோவர் முடிந்ததும் இரண்டு நிமிடம்: "தாத்தாவுக்கு மகன் தர்பூசணி கொண்டுவந்திருக்கிறார். கொடுக்கலாமா?" அடுத்த மாதம் தாத்தாவுக்கு மூச்சு வேகம், உதவியாளர் அதை ஸ்டாஃப் நர்ஸிடம் போனில் சொல்ல வேண்டும். நிலைமை, பின்னணி, என் கணிப்பு, நான் கேட்பது என்ற நான்கு வரி வரிசையில் சொல்லிப் பழகட்டும். அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்களில் தொடங்கி மருத்துவமனைகளுக்கு வந்த முறை அது. ஆளைத் தெரிந்திருப்பதால் பின்னணியைப் பற்றி ஒரு வார்த்தை விளக்க வேண்டியதில்லை, நேராக விஷயத்துக்குப் போய்விடலாம்.

இரவு ஷிஃப்ட்காரர்களை மறந்துவிடாதீர்கள். பகலில் தூங்க வேண்டியவர்களை எழுப்பி மதியம் இரண்டு மணி வகுப்பில் உட்கார வைத்தால் எந்தக் கதையும் ஏறாது. இரவு பத்து மணிக்கு வேலை தொடங்கியதும் பதினைந்து நிமிடம் நீங்களே போய் நடத்துங்கள், அவர்களுடைய இழுப்பை வைத்து எழுதிய கதையோடு. மணி இரண்டு, ஒரே ஆள், தாத்தா தானாகவே கட்டிலை விட்டு இறங்குகிறார், எதிர்க் கட்டிலில் இன்னொருவர் வாந்தி எடுக்கிறார்.

பலன் இருக்கிறதா என்று பார்க்கக் கருத்துப் படிவத்தை நம்பாதீர்கள், வகுப்பு பிடித்ததா என்பதை மட்டும்தான் அது சொல்லும். ஒரு மாதம் கழித்துப் பார்வையாளர் நேரத்தில் பேண்ட்ரிக்குப் போய்ப் பாருங்கள். திக்கனர் டப்பா எங்கே இருக்கிறது, கரண்டி அதற்குள்ளேயே இருக்கிறதா, சிரிஞ்சு இருக்கிறதா, யாராவது அதைத் தேடிக்கொண்டு வருகிறார்களா என்று கவனியுங்கள். டப்பா பூட்டிய அலமாரியில் இருந்து, சாவி வேறு மாடியில் இருந்தால், அந்த உதவியாளருக்கு இனிமேல் கதை சொல்லிப் பயனில்லை. மேலாளரிடம் போய் அலமாரியைப் பற்றிப் பேசுங்கள்.

எழுதத் தொடங்குபவருக்கு: இந்த வாரம் ஒரே ஒரு விதியை எடுத்துக்கொள்ளுங்கள். வேலை செய்பவர்களில் இரண்டு மூன்று பேரைத் தேநீர் நேரத்தில் பிடித்து, அதைக் கடைப்பிடிக்க எப்போது கஷ்டமாக இருக்கிறது என்று கேளுங்கள். அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே ஒரு நிமிடக் கதையாக எழுதி, அவர்களிடமே படித்துக் காட்டுங்கள். "ஆமா, அப்படித்தான் நடக்கும்" என்று சொன்னால் வகுப்புக்குக் கொண்டு போங்கள். "அப்படியெல்லாம் யாரும் கேட்க மாட்டாங்க சிஸ்டர்" என்று சொன்னால், எப்படிக் கேட்பார்கள் என்று அவர்களையே சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள்.